வாத்தியக்காரர்கள் நடுவே ஒரு பள்ளிக்கூடம்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இசை மாணவர்களும் ரசிகர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வர்ணமும் கீர்த்தனையும் நன்றாகத் தெரிந்த ஒரு மாணவர் சொந்தமாக மெட்டு அமைக்கிறார். ராகம் வழுவாது, தாளம் பிசகாது. பல்லவியில் எடுத்ததை அனுபல்லவியில் வளர்த்துச் சரணத்தில் கொண்டுபோய் நிறுத்தவும் அவருக்குத் தெரியும். அவரிடம் ஒருவர் போய், "இதை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஒரு புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு எழுதிக் கொடுங்கள். பாடுகிறவர் யாரும் கிடையாது" என்று கேட்டால் என்ன செய்வார்? பெரும்பாலும் ஐந்து பேருக்கும் அதே மெட்டைக் கொடுத்துவிடுவார். ஐந்து கருவிகளும் ஒரே வரியை வாசிக்கும். சத்தம் கூடும், இசை கூடாது.

அந்த மாணவருக்கு ஞானம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கர்நாடக சங்கீதத்தில் கிருதி இயற்றியவர்கள் பெரும்பாலும் குரலை மனத்தில் வைத்து இயற்றினார்கள். வயலினும் வீணையும் குழலும் அந்தக் குரலின் வழியில் நடந்தன. கருவிகளுக்கென்று தனித்தனியே எழுதுவது வேறு வகையான வேலை. எந்தச் சுரத்தை எந்தக் கருவி எடுக்க வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும், எது அடியில் தாங்க வேண்டும், எது குறுக்கே வந்து பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் முடிவெடுக்கும் கலை அது. ஆர்கெஸ்ட்ரேஷன் என்று மேற்கில் அதற்குத் தனிப் பாடமே உண்டு. சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் "பார்ட் எழுதுவது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கலையை ஒருவர் எங்கே கற்கிறார் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். பாதி புத்தகத்தில் கிடைக்கும். மீதிப் பாதி, வாத்தியக்காரர்கள் கூடி உட்காரும் இடத்தில்தான் கிடைக்கும். பெரும் பெயர் பெற்ற இசையமைப்பாளர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும் சரி, ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கோட்டைக்குள் நடந்த இசை வரலாற்றைப் பார்த்தாலும் சரி, இது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

முதலில் கருவிகளின் இயல்பைக் கொஞ்சம் பார்க்கலாம். மேற்கத்திய முறையில் வயலினின் நான்கு தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். வயோலா அதற்கு ஐந்து சுரம் கீழே: சி, ஜி, டி, ஏ. செல்லோ வயோலாவுக்கும் ஒரு ஸ்தாயி கீழே. டபுள் பேஸ், தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி தணிந்து ஒலிக்கும். பி பிளாட் கிளாரினெட் வாசிப்பவருக்கு "சி" என்று எழுதினால் கேட்பது பி பிளாட். எஃப் ஹார்ன் வாசிப்பவருக்கு அதே "சி"யை எழுதினால் ஐந்து சுரம் கீழே உள்ள எஃப் கேட்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும் விவரம்.

மனப்பாடத்தில் வராதவை வேறு சில உண்டு. புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மென்மையானது. டிராம்போன்கள் முழு பலத்தோடு வாசிக்கும்போது அதில் என்ன எழுதினாலும் காணாமல் போகும். ஊதுகிறவர் மூச்சு வாங்க இடம் வேண்டும். வீணையில் மீட்டிய சுரம் மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். வயலினில் வில் இழுக்கும்வரை அது வளரவும் செய்யும். நாகஸ்வரம் வீதிக்கும் பிராகாரத்துக்கும் பிறந்த வாத்தியம். அதன் பக்கத்தில் வீணையை உட்கார வைத்தால் வீணை கேட்காது. இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒருமுறையாவது தான் எழுதியது வாசிக்கப்பட்டு, எதிர்பார்த்த சுரம் காதுக்கு எட்டாமல் போனவருக்குத்தான் அடுத்த தடவை பென்சிலை எடுக்கும்போது இவை நினைவில் நிற்கும்.

ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1871இல், அவருடைய 27ஆம் வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியின் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அதற்குள் அவர் பெரிய படைப்புகளை எழுதியிருந்தார். ஆனால் சுரங்களை அடுக்கும் ஹார்மனியும், தனித்தனி வரிகளைப் பின்னும் கவுண்டர்பாயிண்டும் முறையாகப் படித்ததில்லை. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே தாமும் படித்துத் தேறியதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். 1873இல் கடற்படையின் பேண்டு குழுக்களுக்கு மேற்பார்வையாளரானார். உடனே கிளாரினெட், புல்லாங்குழல், டிராம்போன் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தாமே ஊதிப் பார்த்தார். எந்த விரலமைப்பு எளிது, எந்த மாற்றம் தடுமாற வைக்கும் என்பதைத் தம் கையாலும் உதட்டாலும் அறிந்துகொண்டார். அவர் மறைந்த பிறகு 1913இல் வெளிவந்த ஆர்கெஸ்ட்ரேஷன் நூல் இன்றும் உலகெங்கும் பாடநூலாக இருக்கிறது. அதில் உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் அவருடைய சொந்தப் படைப்புகளிலிருந்து எடுத்தவை. வாத்தியக்காரர்கள் வாசித்து அவர் காதால் சரிபார்த்தவை.

இங்கிலாந்தின் எட்வர்ட் எல்கருக்குக் கல்லூரிப் படிப்பே இல்லை. வூஸ்டர் நகரில் தந்தை நடத்திய இசைக் கடை அவருக்கு நூலகம். 1879இல் பக்கத்து ஊரான பாவிக்கில் இருந்த மனநல விடுதியின் பேண்டுக்குப் பொறுப்பேற்றார். அங்கே இருந்த கருவிகள் எந்தப் புத்தகத்திலும் காணாத கலவை. இருக்கிற ஆட்களுக்கும் இருக்கிற கருவிகளுக்கும் ஏற்றபடி போல்கா, குவாட்ரில் என்று நடனத் துண்டுகளை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 20 ஆண்டு கழித்து, 1899இல், எனிக்மா வேரியேஷன்ஸ் அரங்கேறியபோது அவர் கையில் இருந்த நுட்பத்துக்கு அந்த விடுதியின் ஒத்திகை அறையும் ஒரு காரணம்.

ஆஸ்திரியாவின் ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏறத்தாழ 30 ஆண்டு அங்கேயே எழுதினார். எழுதிய மை காய்வதற்குள் வாசித்துக் காட்ட அரண்மனையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா காத்திருந்தது. ஜெர்மனியின் பாக், வைமார் நகரில் இருந்த இளம் வயதில், இத்தாலியரான விவால்டியின் வயலின் கன்சர்ட்டோக்களை எடுத்து ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதினார். பிறர் எழுதியதைக் கையால் எழுதிப் பார்த்து, வேறு கருவிக்கு மாற்றிப் பார்ப்பது எத்தனை பெரிய பாடம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி நம் பக்கம் வருவோம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் திருவாரூரிலிருந்து சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அவருடைய மக்களுக்கு அங்கே கிடைத்தது. மூத்தவரான முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். சுமார் 40 உருப்படிகள். நோட்டுஸ்வர சாகித்தியம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் போய் வயலின் கற்றார். அண்ணன் மெட்டை எடுத்தார். தம்பி கருவியையே எடுத்துக்கொண்டார். தென்னிந்திய இசையின் போக்கை மாற்றியதில் தம்பியின் செயலுக்குப் பெரிய பங்கு உண்டு.

முத்துஸ்வாமி தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு. அவர் திருவனந்தபுரத்துக்கு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவைக்கு வந்தார். நாட்டியத்துக்கு வர்ணங்களும் தில்லானாக்களும் அமைத்த அவர், வயலினைக் கர்நாடக இசைக்கு உரிய கருவியாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். 1834இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அந்த அவையில் இரயிம்மன் தம்பி இருந்தார். பாலக்காட்டுப் பரமேஸ்வர பாகவதர் இருந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த மேருசுவாமி இருந்தார். வடக்கத்திப் பாடகர்களும் வந்துபோனார்கள். குதிரமாளிகை அரண்மனையின் மரக் கூடங்களில் பல பாணிகளும் பல கருவிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன. நவராத்திரி மண்டபத்தின் மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு ஒலியைச் சீர்படுத்திய ஊர் இது. அறையும் ஒரு வாத்தியம் என்பதை இங்கே கட்டட வேலைக்காரர்களும் அறிந்திருந்தார்கள்.

வயலின் இங்கே வந்தபின் அடைந்த மாற்றத்தைக் கவனித்தால் ஒரு கருவியை எப்படிக் கற்க வேண்டும் என்பது விளங்கும். நின்று வாசித்த கருவியைத் தரையில் உட்கார்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள். இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லாமல் போயிற்று, அது தந்தியின்மேல் தடையில்லாமல் வழுக்க முடிந்தது, கமகம் பிடிபட்டது. தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்த்தார்கள். வாத்தியத்தின் மரத்தில் ஒரு துண்டும் மாறவில்லை. கையில் வைத்துக்கொண்டு பழகியவர்கள் அதன் இயல்பைக் கண்டுபிடித்தார்கள்.

நூறாண்டுக்குப் பின், 1939இல், இதே ஊரில் சுவாதித் திருநாள் பெயரில் இன்று விளங்கும் இசைக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரை அடுத்து செம்மங்குடி ஸ்ரீனிவாச அய்யர் பொறுப்பேற்றார். வீணையைக் கே.எஸ்.நாராயணஸ்வாமி போன்ற மேதை கற்றுக்கொடுத்தார். மதுரை மணி அய்யர் கச்சேரிகளின் முடிவில் பாடி ஊரெல்லாம் பரவிய சங்கராபரண "இங்கிலீஷ் நோட்டு" முத்தையா பாகவதர் அமைத்தது. அதன் நடையைக் கவனித்தால் சுரங்கள் அடுத்தடுத்த படியில் ஏறாமல் ஸ, க, ப என்று தாவுவது தெரியும். பேண்டு இசையின் கார்டு என்ற அடுக்கு அங்கே ஒற்றை வரியாக விரிந்து கிடக்கிறது. அதை எடுத்துப் பல கருவிகளுக்குப் பிரித்து எழுதுவது கல்லூரி மாணவர் ஒருவருக்கு மிகச் சிறந்த முதல் பயிற்சியாக இருக்கும்.

கோயில் பக்கம் போனால் கதை இன்னும் செழிப்பானது. ஆர்கெஸ்ட்ரா என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் பஞ்சவாத்தியத்தைக் கேட்க வேண்டும். திமிலை, மத்தளம், இடக்கை, கொம்பு, இலத்தாளம் ஆகிய ஐந்தும் சேர்ந்து, திருச்சூர்ப் பூரம் போன்ற பெருவிழாக்களில் சுமார் 60 பேர் எதிரெதிர் வரிசையாக நின்று வாசிக்கும் இசை. இன்றுள்ள விரிந்த வடிவம் 1930களில் உருவானது. அதை வடித்தவர்களில் முதன்மையானவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி என்று அழைக்கப்பட்ட மத்தளக் கலைஞர் வெங்கடேஸ்வர ஐயர். அன்னமனடை அச்சுத மாராரும் செங்கமநாட்டு சேகர குறுப்பும் உடன் நின்றார்கள்.

இவர்கள் செய்தது என்ன என்று பார்த்தால், அது பாடப்புத்தகம் சொல்லும் ஆர்கெஸ்ட்ரேஷன்தான். தொடக்கத்தில் தாளவட்டம் 896 அட்சரம். அடுத்த காலத்தில் 448. பிறகு 224, 112, 56. ஒவ்வொரு காலத்திலும் வட்டம் பாதியாகச் சுருங்க, வேகம் இரட்டிப்பாகத் தெரியும். திமிலை ஒரு கூற்றைச் சொல்லும். மத்தளம் அதை வாங்கித் தன் நாதத்தில் திருப்பிச் சொல்லும். கொம்புகள் இடையில் எழுந்து முடிப்பை மூடும். கொம்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஒலிகளே வரும். அதனால் அதற்குச் சந்தத்தையும் உச்சத்தையும் மட்டும் கொடுத்தார்கள். இடக்கையில் மட்டும் கயிற்றை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கலாம். அதற்கு நுண்ணிய வேலையைக் கொடுத்தார்கள். இலத்தாளம் எல்லாரையும் ஒரே காலப்பிரமாணத்தில் கட்டும். எந்தக் கருவிக்கு எது முடியும், எது முடியாது என்பதிலிருந்தே அமைப்பு பிறந்திருக்கிறது. செண்டை மேளத்தின் பஞ்சாரியும் இப்படியே 96, 48, 24, 12, 6 என்று இறங்கி வரும். தாளில் ஒரு வரியும் எழுதாமல் நடந்த வேலை இது. அமைத்தவர்கள் எல்லாரும் வாசித்தவர்கள்.

தந்தியும் குழலும் சேர்ந்த சிறு குழுவுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 1966இல் கிடைத்தது. லால்குடி ஜெயராமனின் வயலின், என்.ரமணியின் குழல், திருவனந்தபுரம் ஆர்.வெங்கடராமனின் வீணை மூன்றும் ஒரே மேடையில் சேர்ந்தன. பாட்டுக்காரர் இல்லை, பக்கவாத்தியமாக உட்காரும் வயலின் அங்கே சம பங்காளி. வில், மூச்சு, மீட்டு என்று ஒலி எழும் வழி மூன்றும் வேறு. மூன்றும் சேர்ந்து ஓர் உருப்படியை எடுக்கும்போது, நீண்ட கார்வையை வயலின் தாங்குவதும், துளித்துளியாகத் தெறிக்கும் சுரக்கோவை வீணைக்குப் பொருந்துவதும், மேல் ஸ்தாயியில் குழல் தனித்துத் தெரிவதும் கேட்பவருக்குத் தாமே புரியும். மூவருக்கு எழுதப் பழகுகிறவருக்கு அந்த ஒலிப்பதிவுகளே ஒரு வகுப்பு.

வானொலியும் தன் பங்கைச் செய்தது. ஆல் இந்தியா ரேடியோ 1952இல் தில்லியில் வாத்திய விருந்தா என்ற தேசிய ஆர்கெஸ்ட்ராவை அமைத்தது. ரவிசங்கரும், தமிழரான டி.கே.ஜெயராம அய்யரும் அதை வழிநடத்தினார்கள். சித்தாரும் வீணையும் சாரங்கியும் கிளாரினெட்டும் எழுதிய தாளைப் பார்த்து ஒன்றாக வாசிக்கப் பழகின. ரவிசங்கர் பிற்பாடு 1971இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு, ஆந்த்ரே பிரெவின் நடத்த, தம் முதல் சித்தார் கன்சர்ட்டோவைப் பதிவு செய்தார். அதற்கு முன்னால் அவருக்குக் கிடைத்த பல பயிற்சிக் களங்களில் தில்லி வானொலி நிலையமும் ஒன்று.

தமிழ் மண்ணில் இந்தக் கலைக்கு மிகப் பெரிய பள்ளியாக இருந்தது கோடம்பாக்கம். 1968இல் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். நொட்டேஷன், ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட் எல்லாம் அங்கே கிடைத்தன. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வையும் எழுதித் தேறினார். இது படிப்பு. இதோடு கூடவே இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, கிதார் வாசித்து, வாத்தியக்காரர்களின் நாற்காலியிலிருந்து இசையைக் கேட்டார். 1976இல் அன்னக்கிளி படம் வந்தபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை உலகத்தின் பல இசைக் கல்லூரிகள் பொறாமையோடு பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு அவர் நேராகத் தாளில் ஸ்கோர் எழுதுவார். உதவியாளர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். வயலின் வரிசையும் குழலும் கிதாரும் அன்றே வாசிக்கும். காலையில் நினைத்தது மாலைக்குள் காதில் விழும். தப்பு என்றால் அங்கேயே அடித்துத் திருத்தலாம். ஹைடனுக்கு எஸ்டர்ஹாசி அரண்மனை தந்த வசதியை இவருக்கு ரெக்கார்டிங் தியேட்டர் தந்தது. அப்படிப் பத்தாண்டு எழுதிக் கேட்டவர் கையிலிருந்துதான் 1986இல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக "ஹவ் டு நேம் இட்" வந்தது. 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் குழலோடு "நத்திங் பட் விண்ட்" வந்தது. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு சிம்பொனி எழுதிப் பதிவு செய்தார். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு திருவாசகம் வெளிவந்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் அப்பல்லோ அரங்கில் "வேலியண்ட்" சிம்பொனி அரங்கேறியது.

அதே கோடம்பாக்கத்தில் வேறொருவர் குரல்களை வைத்து இந்தப் பாடத்தை நடத்தினார். மலையாளத் திரையிசையில் தனியிடம் பெற்ற எம்.பி.சீனிவாசன் 1971இல் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாட்டையே தொழிலாகக் கொள்ளாத இளைஞர்களும் அதில் சேர்ந்து, பல இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல் பிரிவாகப் பிரித்துப் பாடினார்கள். 1988இல் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயர் தாங்கிய கொயர் அந்த வேலையைத் தொடர்ந்தது. நான்கு குரலுக்கு எழுதத் தெரிந்தவருக்கு நான்கு தந்திக் கருவிக்கு எழுதுவது பாதி வந்துவிடும். ஒவ்வொரு குரலுக்கும் பாடத்தக்க ஒரு வரி வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இந்த இடத்தில் கற்கிறவர் எல்லாரையும் மறிக்கும் பெரிய சிக்கலைப் பேசியாக வேண்டும். ராகத்துக்கும் ஹார்மனிக்கும் எப்படி ஒத்துப்போகும்?

ஹார்மனி என்பது சுரங்கள் நிலையாக நிற்பதை நம்பி எழும் கட்டுமானம். கர்நாடக ராகத்தில் பல சுரங்கள் நிற்பதில்லை, அசைகின்றன. தோடியின் காந்தாரத்தை ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒரு புள்ளியாக எழுதி ஐரோப்பிய வயலின்காரரிடம் கொடுத்தால் அவர் அந்தப் புள்ளியைத் துல்லியமாக வாசிப்பார், தோடி வராது. அசைவோடு எழுதிக் கொடுத்து அதன்கீழ் ஒரு கார்டை நிறுத்தினால், அசையும் சுரம் நிற்கும் கார்டோடு மோதும்.

வி.எஸ்.நரசிம்மன் 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது. இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" தொகுப்பில் வயலின் வாசித்த அதே நரசிம்மன்தான். அவரோடு இன்னொரு வயலின், பி.ஜே.சந்திரனின் வயோலா, வி.ஆர்.சேகரின் செல்லோ. கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டு, முதல் வயலின் கமகத்தோடு வாசிக்க, மற்ற மூன்றும் ராகத்தின் சுரங்களைக் கொண்டே தனி வரிகளை நெய்தன. நால்வரும் ஒன்றாகப் பல ஆண்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் அடிச்சுரம் மாறலாம், எந்த இடத்தில் மாறினால் ராகத்தின் முகம் கெடும் என்று கேட்டுக் கேட்டு முடிவு செய்த வழி அது.

அந்த அனுபவங்களிலிருந்து மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. சங்கராபரணம், கல்யாணி, ஹரிகாம்போஜி போன்றவை ஹார்மனிக்கு ஓரளவு இடம் கொடுக்கும். தொடக்கத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். சாவேரி, ஆஹிரி போன்றவற்றில் கார்டை அடுக்குவதைவிட, ஒரு கருவி ராகத்தைப் பேச, இன்னொன்று சற்றுத் தள்ளி அதையே எளிய வடிவில் எதிரொலிப்பது பொருந்தும். கமகம் உள்ள இடத்தில் அடியில் இருக்கும் வரி நகராமல் இருக்கட்டும். மேல்வரி நிற்கும்போது கீழ்வரி நகரட்டும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போது ராகத்தின் அசைவை நம் வித்வான் ஒருவர் கையில் விட்டுவிட்டு, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய தாளைக் கொடுப்பது இன்னொரு வழி. எல்.சுப்ரமணியம் தம் வயலினோடு அந்த வழியில் சென்றார். 1985இல் நியூயார்க் பில்ஹார்மோனிக், சுபின் மேத்தா நடத்த, அவருடைய "ஃபேண்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்" படைப்பை வாசித்தது.

இன்றைய மாணவருக்குக் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்கோரை எழுதிய மறுநொடி 80 பேர் ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதுபோல் அது ஒலித்துக் காட்டுகிறது. அதனால் கிடைக்கும் உதவி பெரிது. எழுத்துப் பிழையை உடனே பிடித்துவிடலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள குழலுக்கு மூச்சு முட்டாது. டிராம்போன்களின் நடுவிலும் அதன் கீழ் ஸ்தாயி தெளிவாகக் கேட்கும், ஒலியளவை ஒரு விரலால் ஏற்றிவிடலாம் என்பதால். வயோலா வாசிப்பவர் புருவத்தைச் சுருக்கி, "இந்த இடத்தில் இரண்டு தந்தி தாண்ட வேண்டியிருக்கிறது, ஒரு சுரத்தை மாற்றித் தரலாமா?" என்று கேட்கமாட்டார். அந்தக் கேள்விதான் பாடம். சென்னையில் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வரிசைகள் குறைந்துவிட்டதால் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தந்தி, ஊது கருவிகளைக் கற்றுத்தரும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகள். தென் மாவட்டங்களிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அவை தூரம்.

ஆனால் இந்த ஊரில் என்ன இல்லை? இசைக் கல்லூரியில் வயலினும் வீணையும் மிருதங்கமும் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். 1943இல் திருவிதாங்கூர் வானொலியாகத் தொடங்கிய நிலையம் இன்றும் ஒலிபரப்புகிறது. போலீஸ் பேண்டில் கிளாரினெட்டும் கார்னெட்டும் டிராம்போனும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். தேவாலயக் கொயர்களில் நான்கு குரலில் பாடப் பழகியவர்கள் இருக்கிறார்கள். கோயில்களில் இடக்கையும் திமிலையும் நாகஸ்வரமும் தவிலும் அன்றாடம் ஒலிக்கின்றன. சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை வகைக் கருவிக்காரர்கள் இருக்கும் ஊர்கள் குறைவு. இவர்கள் ஒரே அறையில் உட்காரும் சந்தர்ப்பம்தான் அமைவதில்லை.

அதற்குப் பெரிய கட்டடமோ மானியமோ வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு மாலை, ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக் கூடமோ பள்ளிக்கூட அறையோ போதும். எழுதக் கற்கும் மாணவர்கள் இருவரோ மூவரோ, ஆளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேற்படாத ஒரு துண்டை எழுதிக்கொண்டு வரட்டும். வாசிக்க நான்கைந்து பேர் வரட்டும். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சிறு சன்மானமும் கொடுப்பதை ரசிகர்கள் ஏற்கட்டும். ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை வாசிக்கட்டும். முதல் தடவைக்குப் பிறகு வாசித்தவர்கள் தங்களுக்கு எங்கே கஷ்டமாக இருந்தது, எங்கே சுகமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்லட்டும்; எழுதியவர் அதைத் தம் ஸ்கோரின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, முடிந்தால் அங்கேயே திருத்தட்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கவும் எழுதவும் பழகுவது முதல் வேலை; சுரக் குறிப்பு எழுதத் தெரிந்தவருக்கு அது நாள்போக்கில் வந்துவிடும். தம் கருவி அல்லாத இன்னொன்றை, நன்றாக வாசிக்காவிட்டாலும், விரல் வைத்துப் பார்ப்பது அடுத்தது. தந்திக்காரர் குழலையும், குழல்காரர் வயலினையும் எடுக்கட்டும். ஹைடனின் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கையால் படியெடுக்கலாம். பிறகு அதன் ஒரு பகுதியை வயலின், குழல், வீணைக்கு மாற்றிப் பார்க்கலாம். தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றை நான்கு கருவிக்குப் பிரித்துப் பார்க்கலாம். பஞ்சவாத்தியம் ஒன்றை முழுவதும் நின்று கேட்டு, எந்தக் கருவி எந்த இடத்தில் நுழைந்தது, எங்கே ஓய்ந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டுவரலாம்.

முதல் மாலைக்கு எல்லாரும் எழுதக்கூடிய பொருள் ஒன்று இங்கே முன்வைக்கப்படுகிறது. முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டை எடுத்துக்கொண்டு வயலின், குழல், வீணை, செல்லோ, இடக்கை ஆகிய ஐந்துக்கும் எழுத வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே வரியை எட்டு அட்சரத்துக்கு மேல் சேர்ந்து வாசிக்கக் கூடாது. எந்தக் கருவியும் முழுவதும் வாசித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. செல்லோவுக்குத் தனியாக ஒரு வரியாவது இருக்க வேண்டும். விருப்பமுள்ள மாணவர்கள் இன்று கலையும்போதே பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்; வாசிக்க முன்வரும் வித்வான்களும் அப்படியே.